நட்சத்திரம், குடில், பலகாரம், கேக்: கிறிஸ்துமஸுக்கு எதைக் கையால் செய்வது, எதை வாங்குவது?

நவம்பர் முடியும் வேளையில் தென்மாவட்டக் கிறிஸ்தவ வீடுகளில் ஒரே கேள்வி பல வடிவங்களில் எழுகிறது. நட்சத்திரத்துக்கு மூங்கில் வாங்கிவந்து கட்டலாமா, கடையில் தொங்கும் மடிப்பு நட்சத்திரத்தையே வாங்கி மாட்டிவிடலாமா? குடிலுக்குச் சுரூபங்களை (மரியாள், சூசையப்பர், பாலன் முதலியோரின் சிறு சிலைகளை) மட்டும் வாங்கினால் போதுமா, குடிசையையும் சேர்த்தே வாங்கிவிடலாமா? முறுக்குக்கு மாவு திரிப்பதா, தெரிந்தவரிடம் சொல்லி வாங்குவதா? கேக்கை வீட்டில் சுடுவதா, பேக்கரியில் முன்பணம் கட்டுவதா? ஒவ்வொரு கேள்வியையும் தனியாக எடுத்துக்கொண்டால் ‘வீட்டிலேயே செய்துவிடலாம்’ என்றுதான் மனம் சொல்லும். நான்குக்கும் அப்படியே சொல்லிவிட்டு, டிசம்பர் 23ஆம் தேதி இரவில் தாள் ஒட்டாத நட்சத்திரமும், காயாத களிமண்ணும், பதம் தவறிய பாகுமாகத் தாய் ஒருவர் மட்டும் விழித்திருக்கும் வீடுகள் பல உண்டு. ஆகவே இந்த நான்கையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டு, ஒரு குடும்பம் எந்த ஒன்றை முழுமையாகக் கையால் செய்வது, எதை மன உறுத்தல் இன்றி வாங்கிக்கொள்வது என்று முடிவு செய்ய இக்கட்டுரை முயல்கிறது.

பெற்றோர் இருவரும் வேலைக்குப் போகிற, பள்ளி செல்லும் குழந்தைகள் ஒன்றிரண்டு பேர் இருக்கிற, பாட்டியோ தாத்தாவோ உடன் இருக்கக்கூடிய வீட்டையே நான் மனத்தில் கொண்டிருக்கிறேன். திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரி மாவட்டங்களின் வழக்கங்களே இங்கு அடிப்படை.

## முதலில் அளவுகோல்கள்

எந்த வாரத்தில் யாருடைய கைகள் ஓய்வாக இருக்கின்றன என்பதே முதல் அளவுகோல். தமிழ்நாட்டுப் பள்ளிகளில் அரையாண்டுத் தேர்வு பொதுவாக டிசம்பர் இரண்டாம் வார வாக்கில் தொடங்கி, கிறிஸ்துமஸுக்கு ஓரிரு நாள் இருக்கும்போதுதான் முடிகிறது. ‘பிள்ளைகளும் சேர்ந்து செய்வார்கள்’ என்று நாம் போடும் திட்டங்களில் பெரும்பாலானவை இங்கேதான் இடறுகின்றன. பிள்ளைகளின் கை உண்மையில் கிடைப்பது நவம்பர் கடைசி வாரங்களிலும், டிசம்பர் முதல் வாரத்திலும், பிறகு 23, 24ஆம் தேதிகளிலும் மட்டுமே.

வேலையைப் பாதியில் நிறுத்திவைத்து மறுநாள் தொடர முடியுமா என்பது இரண்டாவது. அலுவலகம் முடிந்து வந்து அரை மணி நேரம் செய்யக்கூடிய வேலையும், தொடங்கினால் அடுப்பை அணைக்கும் வரை நகர முடியாத வேலையும் ஒரே கணக்கில் வரமாட்டா.

மூன்றாவது மழை. வடகிழக்குப் பருவமழை டிசம்பரிலும் தொடர்ந்தாலும், மேலைநாட்டுப் படங்களைப் பார்த்துத் திட்டமிடும் எவரும் ஈரத்தைக் கணக்கில் எடுப்பதில்லை. 2023ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 தேதிகளில், பெருநாளுக்கு ஒரு வாரமே இருந்தபோது, தூத்துக்குடி மாவட்டத்தின் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பெய்தது. அத்தகைய பெருமழை அரிது. ஆனால் காகிதத்தை நனைப்பதற்கும், மாவைக் காயவிடாமல் செய்வதற்கும், முறுக்கை நமுக்கவைப்பதற்கும் சாதாரண டிசம்பர் தூறலே போதும்.

நான்காவது, கடைச் சீட்டில் வராத செலவு: எரிவாயு, மின்சாரம், மீந்துபோகும் எண்ணெய், அடுத்த ஆண்டு வரை பாதுகாத்து வைக்கும் இடம், எல்லாவற்றுக்கும் மேலாக உடல் அலுப்பு. ஐந்தாவது, செய்த பொருள் எத்தனை நாள் இருக்கும், யாரிடம் போய்ச் சேரும் என்பது.

இவற்றோடு சபை மரபையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். கத்தோலிக்க வீடுகளில் குடில் இல்லாத கிறிஸ்துமஸை நினைத்துப் பார்ப்பதே கடினம். சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) முதலிய புராட்டஸ்டன்ட் சபைகளைச் சேர்ந்த பல குடும்பங்களில் நட்சத்திரமும் மரமும்தான் முன்னிற்கும். குடில் வைப்பது அவரவர் விருப்பம். கீழே குடிலைப் பற்றிச் சொல்லும் பகுதியை அவரவர் மரபுக்கேற்ப எடுத்துக்கொள்ளலாம்.

## நட்சத்திரம்

நட்சத்திரத்தை டிசம்பர் முதல் நாளே தொங்கவிடுவது நம் ஊர்களின் வழக்கம். ஆகவே செய்வதென்றால் நவம்பரிலேயே செய்து முடிக்க வேண்டும். பிள்ளைகளின் தேர்வுக்கு முன்பே முடிந்துவிடுகிறது என்பதே இந்த வேலையின் பெரிய வசதி. மூன்றடி நீளத்தில் சீராகச் சீவிய மூங்கில் பிளாச்சுகள் பத்து, ஆறேழு அங்குலக் குச்சிகள் ஐந்து, சணல் அல்லது பருத்தி நூல், வண்ணத் தாள், மைதா பசை ஆகியவை போதும். ஐந்து பிளாச்சுகளை ஒன்றின்மேல் ஒன்றாகக் குறுக்கிட்டு ஐந்து முனைகளைக் கட்டினால் ஒரு சட்டம் ஆகும். அதுபோல் இன்னொன்று செய்து, இரண்டையும் முனைகளில் சேர்த்துக் கட்டிவிட்டு, நடுவில் பிளாச்சுகள் வெட்டிக்கொள்ளும் ஐந்து இடங்களிலும் குறுங்குச்சிகளை நிறுத்தினால் நட்சத்திரம் புடைத்து எழும். பிளாச்சின் நீளமே நட்சத்திரத்தின் அகலமாக அமையும். தாள் ஒட்ட வேண்டிய முகங்கள் இருபது முக்கோணங்களும் இரண்டு ஐங்கோணங்களும் என்று பிள்ளைகள் தாங்களே எண்ணிக் கண்டுபிடிப்பார்கள்.

ஜெர்மனியின் நீஸ்கி என்னும் ஊரில், மொரேவியச் சபை என்னும் புராட்டஸ்டன்ட் சபையார் நடத்திய பள்ளியில், 1830களில் வடிவியல் பாடத்துக்காகச் செய்யப்பட்டதிலிருந்தே பல முனைகள் கொண்ட மொரேவிய நட்சத்திரம் தோன்றியது. நம் மூங்கில் நட்சத்திரத்தின் வடிவம் வேறு. ஆனாலும் கணக்கு வகுப்பில் ஐங்கோணம் படிக்கும் வயதுப் பிள்ளைக்கு இதைவிடச் சிறந்த கைவேலை இல்லை என்பது இரண்டுக்கும் பொருந்தும்.

மறைமுகச் செலவுகளில் முதலில் வருவது விளக்கு. பழைய 60 வாட் குண்டு பல்பை இரவுக்கு 10 மணி நேரம் வீதம் 30 இரவுகள் எரியவிட்டால் 18 யூனிட் மின்சாரம் ஆகும். 9 வாட் எல்.இ.டி. பல்புக்கு 2.7 யூனிட் போதும். குண்டு பல்பின் சூடு தாளைக் கருகச் செய்யும் என்பதால் பணத்தைவிடப் பாதுகாப்பே இங்கு முக்கியம். அடுத்தது பசை. எலியும் கரப்பானும் மைதா பசையைத் தேடி வரும் என்று சிலர் மயில்துத்தம் கலப்பார்கள். அது நஞ்சு, பிள்ளைகள் கை வைக்கும் பசையில் அது வேண்டவே வேண்டாம். மூன்றாவது மழை. திறந்த வெளியில் தொங்கும் தாள் நட்சத்திரம் ஒரு நல்ல மழையைத் தாங்காது. தாளின்மேல் நெகிழித்தாள் சுற்றினால் தாங்கும் என்றாலும் உள்ளே வியர்த்து ஒளி மங்கும். வீட்டு முகப்பில் கூரை நீட்சி இருந்தால் மட்டுமே மனம் நிறையச் செய்யலாம்.

மரத்தடியும் முற்றமும் உள்ள தரைவீட்டில், பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் இருந்தால், செய்வதே சிறந்தது. மூங்கில் சட்டத்தைப் பரணில் காப்பாற்றி வைத்தால் அடுத்த ஆண்டு தாளை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். அடுக்குமாடியின் சிறு பால்கனிக்கும், நவம்பர் கடந்துவிட்ட நிலைக்கும் கடையில் கிடைக்கும் மடிப்பு நட்சத்திரமே பொருத்தம். நனையாமல் மடித்து வைத்தால் அதுவும் சில ஆண்டுகள் வரும். நெகிழியில் செய்த எல்.இ.டி. நட்சத்திரம் மழையைத் தாங்கும். ஆனால் உள்ளிருக்கும் விளக்குப் பட்டை பழுதானால் பெரும்பாலும் முழுவதையும் எறிய வேண்டியிருக்கும் என்பதை விலை பார்க்கும்போதே நினைவில் வைக்க வேண்டும்.

## குடில்

1223ஆம் ஆண்டு இத்தாலியின் கிரேச்சோ என்னும் சிற்றூரில் புனித பிரான்சிஸ் அசிசியார் கிறிஸ்து பிறப்புக் காட்சியை அமைத்தபோது, அங்கே வைக்கோல் இட்ட தீவனத்தொட்டியும், உயிருள்ள மாடும் கழுதையும் இருந்தன. இன்று நாம் கடையில் தேடும் வண்ணச் சுரூபங்களின் இடம் அதில் பின்னால் வந்தது. இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. குடிலில் கையால் செய்யத் தக்க பகுதியும் தொடக்கம் முதல் உயிரான பகுதியும் ஒன்றே: குடிசை, வைக்கோல், நிலம், புல். சுரூபங்களை வாங்குவதால் குடில் ‘வாங்கிய குடில்’ ஆகிவிடாது.

வேலையை விட்டு விட்டுத் தொடரலாம் என்பதில் நான்கிலும் இதற்கு நிகர் எதுவும் இல்லை. சிமெண்ட் மூட்டைத் தாளைக் கசக்கிப் பழுப்பும் கருமையும் பூசிப் பாறை செய்வது ஒரு மாலை. தென்னை ஈர்க்காலும் பனை ஓலையாலும் கூரை வேய்வது ஒரு மாலை. மணல், மரத்தூள், கூழாங்கல் சேர்ப்பது நடந்து போகும்போதே நடக்கிற வேலை. அலுவலகம் போகிறவருக்கும், கால் வலியால் நீண்ட நேரம் நிற்க முடியாத பெரியவருக்கும், ஐந்து வயதுக் குழந்தைக்கும் ஒரே நேரத்தில் வேலை கிடைக்கிறது.

புல்லுக்குக் கேழ்வரகு முளைக்கவைப்பதே எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி. ஓர் இரவு ஊறவைத்து, துணியில் கட்டி முளை கண்டதும், ஈர மண் பரப்பிய தட்டில் நெருக்கமாகத் தூவி, நீர் தெளித்து வந்தால் எட்டுப் பத்து நாளில் விரல் உயரப் பசும்புல் நிற்கும். நாள் கணக்கில் கவனம் வேண்டும். டிசம்பர் 14 வாக்கில் விதைத்தால் 24ஆம் தேதி சரியான பருவத்தில் இருக்கும். முதல் வாரத்திலேயே விதைத்தால் பெருநாளன்று மஞ்சளித்துச் சாய்ந்துவிடும். நெல் சற்று மெதுவாக வளரும் என்பதால் இரண்டு மூன்று நாள் முன்னதாக விதைக்க வேண்டும். தேர்வுக்குப் படிக்கும் பிள்ளையும் காலையில் ஒரு கை நீர் தெளித்துவிட்டுப் போகலாம். தேர்வுக் காலத்திலும் பிள்ளையின் கை படக்கூடிய ஒரே வேலை இதுதான்.

சுரூபங்களையும் பிள்ளைகளே செய்ய விரும்பினால் களிமண் எடுத்துத் தரலாம். ஆனால் அதை நவம்பரிலேயே தொடங்க வேண்டும். குளத்துக் களிமண் தனியாகக் காய்ந்தால் வெடிக்கும். நுண்மணலோ ஊறவைத்துப் பிசைந்த காகிதக் கூழோ கலந்தால் வெடிப்பு குறையும். மழைக்கால நிழலில் ஓர் உள்ளங்கை அளவுப் பொம்மை முழுதும் காய வாரங்கள் ஆகலாம். அவசரப்பட்டு வெயிலிலோ அடுப்பருகிலோ வைத்தால் கழுத்தில்தான் முதலில் பிளக்கும். வாங்குவதென்றால் மதுரைக்கு அருகில் விளாச்சேரியில் கொலுப் பொம்மை செய்யும் கைவினைஞர்கள் கிறிஸ்துமஸுக்குக் குடில் சுரூபங்களும் செய்கிறார்கள் என்பதை நினைவில் வைக்கலாம். மரியாள், சூசையப்பர், பாலன் மூவரையும் முதல் ஆண்டில் வாங்கி, இடையர்களை அடுத்த ஆண்டிலும், ஞானியரை அதற்கடுத்த ஆண்டிலும் சேர்த்தால் செலவும் பரவும். பிள்ளைகளின் எதிர்பார்ப்பும் வளரும்.

குடிலின் மறைமுகச் செலவு இடமும் பாதுகாப்பும்தான். மூன்றடிக்கு இரண்டடி மேசை ஒன்று டிசம்பர் நடுப்பகுதி முதல் திருக்காட்சிப் பெருவிழா வரை, அதாவது சனவரி முதல் வாரம் வரை, வேறு எதற்கும் கிடைக்காது. சிறிய வீட்டில் இது பெரிய இழப்பு. காய்ந்த வைக்கோலின் நடுவே மலிவான சீரியல் விளக்கின் வெற்று இணைப்புகள் இருப்பது உண்மையான தீ ஆபத்து. உறங்கப் போகும்முன் அணைத்துவிட வேண்டும். மெழுகுவர்த்தி அருகில் வரவே கூடாது. பிறகு, வைக்கோலையும் ஓலையையும் ஆண்டு முழுவதும் சேமித்து வைத்தால் பூச்சி வரும். சுரூபங்களைச் செய்தித்தாளில் சுற்றிப் பெட்டியில் வைத்துவிட்டு, மற்றவற்றை மண்ணுக்குக் கொடுத்துவிடுவதே நல்லது.

## பலகாரம்

மற்ற மூன்றும் வீட்டுக்குள்ளோ வாசலிலோ நின்றுவிடுகின்றன. பலகாரம் மட்டும் தெருவெங்கும் போகிறது. தீபாவளிக்கு அடுத்த வீட்டிலிருந்து வந்த தட்டும், ரமலானுக்கு எதிர்வீட்டிலிருந்து வந்த பாத்திரமும் கிறிஸ்துமஸ் அன்று திரும்பப் போக வேண்டும் என்பது நம் ஊர்களில் எழுதாத ஒழுங்கு. அந்தத் தட்டில் முறுக்கும், அச்சு முறுக்கும், முந்திரிக்கொத்தும், அதிரசமும் இருந்தால் வாங்கும் கை ஒரு கணம் நின்று பார்க்கும். துக்கம் நடந்த வீட்டில் அந்த ஆண்டு பலகாரம் சுடுவதில்லை என்பதால், உறவினரும் அயலாரும் கொண்டுவந்து கொடுப்பதே அவ்வீட்டுக்குப் பெருநாளாக அமைகிறது. இக்காரணங்களால், யாரைச் சென்றடைகிறது என்ற அளவுகோலில் பலகாரத்துக்கே முதலிடம்.

ஆனால் வேலையைக் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். பதினைந்து வீடுகளுக்கு, நான்கு வகையில் வகைக்கு நான்கு என்று வைத்தாலே 240 பலகாரங்கள். வீட்டுக்கும் விருந்தினருக்கும் இரவில் வீடு வீடாகப் பாடி வரும் கீத பவனிக் குழுவுக்கும் தனியாக வேண்டும். அச்சு முறுக்கு அச்சுக்கு ஒன்றாகத்தான் விழும். அச்சை எண்ணெயில் நன்றாகச் சூடேற்றி, மாவில் முக்கால் உயரம் மட்டும் அமிழ்த்தி, மறுபடி எண்ணெயில் வைத்துக் கழற்ற வேண்டும். அச்சு முழுதும் மூழ்கினால் மாவு மேலே மூடிக்கொண்டு கழலாது. இரண்டு அச்சுகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்தினால்தான் வேகம் பிடிக்கும். முறுக்குக்கு நான்கு பங்கு அரிசி மாவுக்கு ஒரு பங்கு வறுத்த உளுந்து மாவு என்ற கணக்கு எளிது. முந்திரிக்கொத்துக்குப் பாசிப்பயறை வறுத்துத் திரித்து, தேங்காயை ஈரம் போக வறுத்து, வெல்லப் பாகில் உருட்டி, அரிசி மாவுக் கரைசலில் முக்கிப் பொரிக்க வேண்டும். தேங்காயில் ஈரம் நின்றால் சில நாளிலேயே வாடை வந்துவிடும். அதிரசத்துக்கோ பாகுப் பதம்தான் எல்லாம். தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு உருட்டிப் பார்க்கும் அந்தப் பதத்தை எந்தச் செய்முறைக் குறிப்பும் முழுமையாகச் சொல்லிவிட முடியாது. அருகில் நின்று, உருட்டிய பாகைத் தானும் தொட்டுப் பார்த்துத்தான் கற்க வேண்டும்.

மறைமுகச் செலவுகள் நான்கிலும் இதில்தான் மிகுதி. இடையில் எரிவாயு தீர்ந்தால் வேலை நின்றுவிடும் என்பதால் மாற்று சிலிண்டர் இருப்பில் வேண்டும். வாணலியில் மீந்த எண்ணெயைத் திரும்பத் திரும்பப் பொரிக்கப் பயன்படுத்தக் கூடாது என்பதால், அதன் ஒரு பகுதியை இழப்பாகவே எழுதிக்கொள்ள வேண்டும். பெருநாளுக்கு முந்தைய வாரம் மாவு மில்லில் கூட்டம் நெரியும். முன்னால் மிளகாயோ மல்லியோ அரைத்த எந்திரத்தில் நம் அரிசி விழுந்தால் மணம் ஏறிவிடும் என்பதால் ஒரு கைப்பிடி அரிசியை முதலில் ஓடவிட்டுத் தள்ளச் சொல்ல வேண்டும். மழை பெய்தால் ஊறவைத்த அரிசி நிழலில் உலராது. மின்விசிறியின் கீழ்த் துணி விரித்து உலர்த்த ஓர் அறை முழுவதும் வேண்டியிருக்கும். சுட்டவை ஆறும்முன் டப்பாவில் அடைத்தால் நமுத்துப்போகும். ஆறும்வரை திறந்து வைத்தால் ஈரக்காற்றிலும் நமுத்துப்போகும் என்ற இக்கட்டு டிசம்பருக்கே உரியது. இவை எல்லாவற்றையும்விடப் பெரிய செலவு, சுடுகிறவரின் இடுப்பும் முழங்காலும். அடுப்பருகே குறைந்தது இரண்டு பெரியவர்கள் இருக்க முடியாத வீட்டில் நான்கு வகைப் பலகாரம் என்பது ஒருவர்மேல் ஏற்றும் சுமை. அதைப் பெருநாள் வேலை என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை.

அப்படியானால் எப்போது செய்வது? பாகுப் பதமும் அச்சின் சூடும் கைவரப்பெற்ற மூத்தவர் ஒருவர் வீட்டில் இருந்து, அவர் உட்கார்ந்து சொல்லச் செய்வதற்கு இளையவர் இருவராவது கிடைத்தால், மற்ற மூன்றையும் வாங்கிக்கொண்டு பலகாரத்தையே செய்யுங்கள் என்பேன். நட்சத்திரம் கட்டும் முறையை எந்த ஆண்டும் கற்கலாம். ஒரு பாட்டியின் பதத்தை அவர் இருக்கும் ஆண்டில் மட்டுமே கற்க முடியும். வகைகளைக் குறைத்துக்கொள்ளலாம்: அச்சு முறுக்கும் முந்திரிக்கொத்தும் மட்டும் வீட்டில் செய்து, முறுக்கையும் அதிரசத்தையும் பக்கத்தில் சுட்டு விற்கும் பெண்களிடம் சொல்லி வாங்குவது நல்ல நடுவழி. நல்ல முறுக்கு வெளியிலும் கிடைக்கும். நல்ல முந்திரிக்கொத்து கன்னியாகுமரி மாவட்டத்துக்கு வெளியே எளிதில் கிடைக்காது.

## கேக்

இதைப் பற்றி நீட்டிச் சொல்லத் தேவையில்லை. தென்னிந்தியாவில் கிறிஸ்துமஸ் கேக்கின் கதையே பேக்கரியில்தான் தொடங்குகிறது. 1883ஆம் ஆண்டு தலச்சேரியில் மம்பள்ளி பாபு என்பவர், மர்டாக் பிரவுன் என்ற தோட்ட உரிமையாளர் கேட்டுக்கொண்டதற்கிணங்கத் தம் பேக்கரியில் சுட்டுக் கொடுத்த கேக்தான் இந்தியாவின் முதல் கிறிஸ்துமஸ் கேக் என்று போற்றப்படுகிறது. ஆகவே பேக்கரியில் வாங்கிய கேக்கை வெட்டுவதால் ஏதோ மரபை விட்டுவிட்டோம் என்று வருந்த வேண்டியதில்லை.

வீட்டில் சுடுவதற்கு அடுப்பு முக்கியம். ஏற்கெனவே மின் அடுப்பு உள்ளவர்களுக்கு வெண்ணெய், சர்க்கரை, மைதா மூன்றும் கால் கிலோ வீதமும், முட்டை நான்கைந்தும், ஊறிய உலர்பழம் ஏறத்தாழ அதே எடையும் கொண்ட ஒரு கேக் 150 முதல் 160 பாகை வெப்பத்தில் ஒன்றேகால் முதல் ஒன்றரை மணி நேரத்தில் வெந்துவிடும். இந்த ஒரு கேக்குக்காக அடுப்பு வாங்குவது வீண். குக்கரில் மணல் பரப்பிச் சுடுவோர் உண்டு. வெறுமையாகச் சூடேறும் குக்கரின் அடிப்பாகம் நாளடைவில் கெடும் என்பது அதன் மறைமுகச் செலவு. பழங்களை ரம்மில் ஊறவைக்க விரும்பாத குடும்பங்கள் திராட்சைச் சாற்றைப் பயன்படுத்தும்போது, அது மதுவைப்போல் வாரக்கணக்கில் வெளியில் நிற்காது, குளிர்பதனப் பெட்டியில் வைத்துச் சில நாட்களுக்குள் பயன்படுத்திவிட வேண்டும் என்பதை மறக்கக் கூடாது. சில ஊர்களில் மாவை நாமே கலந்து கொண்டுபோனால் பேக்கரியில் சுட்டுத் தருவார்கள். கேட்டுப் பார்க்கத் தக்க வழி அது. ஆனால் 20ஆம் தேதிக்குப் பிறகு கேட்டால் இடம் கிடைக்காது.

சர்க்கரை நோய், முட்டை ஒவ்வாமை போன்ற காரணங்களால் கடைக் கேக்கைத் தவிர்க்க வேண்டியவர்கள் வீட்டில் இருந்தால் மட்டும், என் கணக்கில், கேக் முதலிடத்துக்கு வரும்.

## ஒரே பார்வையில்

| | நட்சத்திரம் | குடில் | பலகாரம் | கேக் |
|---|---|---|---|---|
| வேலைக் காலம் | நவம்பர் கடைசி | டிசம்பர் முழுவதும், சிறிது சிறிதாக | டிசம்பர் 18 முதல் 23 வரை, தொடர்ச்சியாக | ஊறவைக்க முன்னதாக. சுட ஒரு நாள் |
| பிள்ளைகளின் பங்கு | பெரியது. தேர்வுக்கு முன் | பெரியது. எல்லா வயதினருக்கும் | சிறியது. எண்ணெயருகே கூடாது | நடுத்தரம் |
| இடையில் நிறுத்தலாமா | ஆம் | ஆம் | இல்லை | இல்லை |
| மழையால் கேடு | மிகுதி | குறைவு | மிகுதி | குறைவு |
| மறைமுகச் செலவு | விளக்கு, மழைக் காப்பு | இடம், தீப் பாதுகாப்பு | எரிவாயு, எண்ணெய், உடல் அலுப்பு | அடுப்பு, மின்சாரம் |
| யாரைச் சேரும் | தெருவில் போவோரை | வீட்டாரை, வருவோரை | அயல் வீடுகள் அனைத்தையும் | வீட்டாரை, விருந்தினரை |
| வாங்கினால் இழப்பு | நடுத்தரம் | மிகுதி | வகையைப் பொறுத்தது | மிகக் குறைவு |

## இரண்டாவதாக ஒன்றைச் சேர்க்க விரும்பினால்

நட்சத்திரமும் குடிலும் ஒன்றோடொன்று மோதுவதில்லை. முதலாவது முடியும்போதுதான் இரண்டாவது தொடங்குகிறது. சிறு பிள்ளைகள் உள்ள, மூத்தவர் இல்லாத வீட்டுக்கு இந்த இணையையே பரிந்துரைப்பேன். பலகாரமும் கேக்கும் அப்படியல்ல. இரண்டும் அதே வாரத்தில், அதே சமையலறையில், அதே ஆளின் கையைக் கேட்கின்றன. இரண்டையும் செய்தே தீர வேண்டும் என்றால், ரம்மில் ஊறிய பழங்களைக் கொண்ட கேக்கை டிசம்பர் 10 வாக்கிலேயே சுட்டு, காற்றுப் புகாமல் மூடி வைத்துவிட வேண்டும். அது நாள்பட நாள்படச் சுவை கூடும். பழச்சாற்றுக் கேக்கை அவ்வளவு முன்னதாகச் சுட முடியாது என்பதால் அதைக் கடையில் வாங்குவதே மேல். பலகாரத்தோடு குடிலைச் சேர்க்கலாம். பெரியவர்கள் அடுப்பருகே இருக்கும் 23ஆம் தேதி, தேர்வு முடிந்த பிள்ளைகளின் கை குடிலில் இருக்கும், எண்ணெயிலிருந்தும் விலகி இருப்பார்கள்.

மரத்தையும் வாழ்த்து அட்டையையும் நான் இந்த ஒப்பீட்டில் சேர்க்காததற்குக் காரணம், அவற்றில் இவ்வளவு யோசிக்க வேண்டியதில்லை. சவுக்குக் கிளை கிடைக்கும் ஊரில் அதை வாளி மணலில் நட்டு அலங்கரிப்பதே அழகு. கிடைக்காத நகரத்தில் மடக்கி வைக்கக்கூடிய மரம் பல ஆண்டுகள் உழைக்கும். அட்டை வரைவதைப் பிள்ளைகளிடம் விட்டுவிடலாம்.

பலகாரம் செய்ய ஆசை இருந்தும் சொல்லிக்கொடுக்க மூத்தவர் இல்லாத குடும்பங்கள், முதல் ஆண்டே தனியாக அடுப்பேற்றி ஒரு கிலோ வெல்லத்தை வீணாக்குவதைவிட, சித்தி வீட்டிலோ பெரியம்மா வீட்டிலோ பலகாரம் சுடும் நாளில் போய் உதவிக்கு நிற்பது நல்லது. அதிரச மாவு பிசைந்து வைக்கும் நாளும் சுடும் நாளும் வேறு வேறு என்பதால், பாகு காய்ச்சும் நாளுக்கே போக வேண்டும். சுடும் நாளுக்கு மட்டும் போனால் பதம் பிடிபடாது. எந்த நாள் என்று நவம்பரிலேயே கேட்டு வையுங்கள். டிசம்பர் 20க்குப் பிறகு பலகாரம் சுடும் எந்த வீட்டிலும் நின்று விளக்கிச் சொல்ல யாருக்கும் நேரம் இருக்காது.